ஸ்கிரிபஸ் 1.6: தமிழ்ப் பக்கங்களுக்கு எந்த அளவுக்கு உதவும்?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பக்க வடிவமைப்பு என்றால், தோட்டக் கோயில்களின் திருவிழா அழைப்பிதழ், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், திருமண அட்டை ஆகியவைதாம். மாதச் சந்தா கட்டிப் பயன்படுத்தும் மென்பொருள் இந்த வேலைகளின் கூலிக்குக் கட்டுப்படியாகாது. இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிரிபஸ் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளை முன்பு இறக்கிப் பார்த்தவர்களோ, பழைய 1.4 வரிசையில் தமிழ் சிதைந்து வந்ததைக் கண்டு கைவிட்டிருப்பார்கள்.

அச்சிதைவுக்கு எழுத்துருவைக் குறை சொல்ல முடியாது. யுனிகோடில் ‘கொ’ என்பது முதலில் ககரம், அதன்பின் உயிர்க்குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னே நிறுத்தித் துணைக்காலைப் பின்னே வைப்பது மென்பொருளின் பொறுப்பு. 2017இல் வந்த 1.5.3 சோதனைப் பதிப்பில் ஹார்ஃப்பஸ் என்னும் எழுத்தமைப்பு நிரல் சேர்க்கப்பட்டதும் இக்குறை நீங்கியது. 2024 ஜனவரியில் வெளியான 1.6 நிலையான பதிப்பில் இரட்டைக்கொம்பும் ‘ஸ்ரீ’யும் ஒழுங்காகவே விழுகின்றன.

இன்னும் மல்லுக்கட்ட வேண்டியது இரு ஓரமும் சமமாக வரும் பத்திகளோடுதான். பக்கத்தை மூன்று நெடுவரிசையாகப் பிரித்த அழைப்பிதழில் ‘திருப்பணிக்குழுவினருக்கும்’ போன்ற ஒரு சொல் அடுத்த வரிக்குத் தாவிவிட்டால், மேல் வரியில் எஞ்சிய இரண்டு சொற்கள் ஆளுக்கொரு ஓரத்தில் ஒதுங்கி, நடுவே வெள்ளைத் திட்டு விழுகிறது. பத்திப் பாணியில் (paragraph style) எழுத்தின் அகலத்தை 98 முதல் 102 விழுக்காடு வரை நெகிழவிட்டால் ஓரளவு அடங்கும். அதற்கு மேல் போனால் எழுத்து நசுங்கியிருப்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். நீண்ட சொற்களுக்குள் மறைவான ஒட்டுக்கோட்டை (soft hyphen) நாமே இட்டு, புள்ளி எழுத்து வரியின் தலையில் வராதபடி உடைப்பதே உறுதியான வழி. ஆயினும் தமிழ் இதழ்கள் கோடு போடாமலே சொல்லை உடைத்துப் பழகியவை என்பதால், வரியின் கடைசியில் தோன்றும் அந்தக் கோடு எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அழைப்பிதழ்களில் இடப்பக்கம் மட்டும் நேராக வைப்பதே மேல். கோயில் தலைவர்களை அதற்கு இணங்க வைப்பதுதான் பெரும்பாடு.

மலாயும் தமிழும் கலந்து வரும் பக்கங்களில் வேறொரு தொல்லை உண்டு. வரி இடைவெளியைத் தானியங்கியில் விட்டால், எழுத்துருவின் உயரத்தைப் பொறுத்து அது மாறுவதால், அடுத்தடுத்த நெடுவரிசைகளின் வரிகள் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. வரிகள் அமர வேண்டிய மட்டங்களைக் காட்டும் அடிக்கோட்டுக் கட்டத்தோடு (baseline grid) பொருந்தும் தேர்வை இட்டால் தீர்ந்துவிடும். சில தமிழ் எழுத்துருக்களில் ரோமன் எழுத்துகளே இரா. அங்கே எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் தோன்றினால், அச்சுக்கு முந்தைய சரிபார்ப்புப் பலகம் அவற்றைச் சுட்டிக்காட்டிவிடுகிறது. இந்தப் பலகம் ஒன்றுக்காகவே மென்பொருளைப் பாராட்டலாம்.

பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகளையும் ஸ்கிரிபஸ் திறக்கிறது. ஆனால் அந்தக் காலத்து எழுத்துருக்கள் தமிழை ரோமன் எழுத்துகளின் இடத்தில் வைத்திருந்ததால், உரையை யுனிகோடுக்கு மாற்றாமல் பயன்படுத்த இயலாது. பழைய மலர்களை மறுபதிப்புச் செய்வோர் அதற்கான நேரத்தையும் கூலியில் சேர்த்துப் பேசுவது நல்லது.

அச்சகத்துக்கு மூலக் கோப்பைக் கொடுக்காமல், எழுத்துரு உள்ளடக்கிய பிடிஎஃப் கொடுங்கள். அவர்கள் கணினியில் நம் எழுத்துரு இல்லாவிட்டாலும் பக்கம் குலையாது.