வீவக நாலறை வீட்டில் ஓர் எஸ்எம்57

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் ஓர் அறையில் ஒலிப்பதிவு செய்யப் புறப்படுகிறவர், ஒலிவாங்கி வாங்குவதற்கு முன் ஒரு நாள் முழுவதும் சன்னலைத் திறந்துவைத்து என்னென்ன கேட்கிறது என்று கவனிப்பது நல்லது. எங்கள் புளோக்கில் விடியற்காலை ஐந்து மணிக்கே குயில் கூவத் தொடங்கிவிடும். கவிஞர்கள் கொண்டாடிய பறவைதான்; ஆனால் ஒலிப்பதிவுக்காரனிடம் அதற்கு மரியாதை கிடைப்பதில்லை. வார நாள்களில் ஒன்பது மணிக்கு மேல் ஏதேனும் ஒரு மாடியில் சுவர் இடிப்பார்கள். சனி, ஞாயிறுகளில் அந்த வேலைக்கு அனுமதி இல்லை என்பதால் அன்று பதிவு செய்யலாமென்று உட்கார்ந்தால், கீழே பிள்ளைகளின் பந்து சுவரில் மோதும்.

இதையெல்லாம் எண்ணிப் பார்க்காமல்தான் முதலில் ஒரு கன்டென்சர் வகை ஒலிவாங்கியை, மெல்லிய ஓசையையும் பிடித்துவிடும் வகையை, வாங்கினேன். அதன்மேல் குற்றமில்லை, அது தன் வேலையை மிகச் சரியாகச் செய்தது. அண்டை வீட்டு மின்விசிறியின் சுழற்சியையும் மின்தூக்கிக் கதவின் மணியொலியையும்கூட அது பதிவு செய்தது. பாதுகாப்பறைக்குள் போய்விட்டால் தப்பிக்கலாமென்று நினைத்து, பாம் ஷெல்டரில் இருந்த அரிசி மூட்டையையும் பழைய பெட்டிகளையும் வெளியே எடுத்துவைத்துவிட்டு அங்கேயும் முயன்றேன். சத்தம் உள்ளே வருவது பெரிதும் குறைந்தது உண்மைதான். ஆனால் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் கான்கிரீட் சுவர்களுக்கு இடையே உள்ள காற்று ஏறக்குறைய 114 ஹெர்ட்ஸில் அதிரும். ஆண் குரலின் அடிநாதம் சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது. பதிவைக் கேட்டபோது நான் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசியது போலிருந்தது. அரிசி மூட்டை மறுபடியும் உள்ளே போனது.

அதற்குப் பிறகுதான் ஷூர் எஸ்எம்57 வீட்டுக்கு வந்தது. 1965இல் வெளிவந்த ஒலிவாங்கி இது. ‘எஸ்எம்’ என்பது ‘ஸ்டூடியோ மைக்ரோஃபோன்’ என்பதன் சுருக்கம். நம்மூர்க் கலியாண மேடைகளிலும் கோயில் கச்சேரிகளிலும் உருண்டைத் தலையோடு காணப்படும் எஸ்எம்58, இதற்கு அடுத்த ஆண்டு வந்த உடன்பிறப்பு. அமெரிக்க அதிபர் பேசும் மேடையில் பல்லாண்டுகளாக இரட்டையாக நிற்பவையும் 57கள்தாம். எடை 284 கிராம். நிறுத்துவதற்கான பொத்தான் கிடையாது. நான் வாங்கியபோது 200 வெள்ளிக்குள் முடிந்தது. இதற்குப் போலிகள் நிறைய உலவுவதால், விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் முதலில் தராசில் வைத்துப் பார்ப்பதே நல்லது.

57 போன்ற டைனமிக் (காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட) ஒலிவாங்கி சுற்றுச் சத்தத்தைத் தானே வடிகட்டிவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். ஒரு முழத் தொலைவில் வைத்துப் பேசினால் 57இலும் குயில் கேட்கும். இதன் உண்மையான பலம், மிக அருகில் போனாலும் முகம் சுளிக்காது என்பதே. வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தொலைவைப் பாதியாக்கினால் குரல் ஏறக்குறைய 6 டெசிபெல் கூடும். அறையின் சத்தமோ இருந்த அளவிலேயே இருக்கும். இருபது சென்டிமீட்டரிலிருந்து ஐந்துக்கு வந்தால் 12 டெசிபெல் ஆதாயம். சுவரில் ஒட்டும் பஞ்சுக்கு நான் செலவழித்த பணம் இதில் கால்வாசி பயனைக்கூடத் தரவில்லை. அத்துடன் இது முன்பக்கத்து ஒலியையே பெரிதும் வாங்குவதால், ஏர்கான் இருக்கும் திசைக்கு அதன் முதுகைக் காட்டி வைத்தால் அந்த இரைச்சலும் அடங்கிவிடுகிறது.

அருகில் போவதற்கு இரண்டு விலை உண்டு. ஒன்று, அடிக்குரல் தடித்துவிடும். பதிவுக்குப் பின் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே சற்றுக் குறைத்துவிட்டால் போதும். மற்றொன்று, உதடு வெடிக்கும் ஓசை. ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு இது பெருந்தொல்லை. தமிழில் ‘பழம்’, ‘படம்’ என்னும்போது காற்று அவ்வளவு வேகமாக வெளிவருவதில்லை என்பதால் நாம் ஓரளவு தப்பித்துக்கொள்கிறோம். ஆனால் பேச்சுப் போட்டிக்குப் பயிற்சி எடுத்த பக்கத்து வீட்டுச் சிறுமி ‘ஒப்பற்ற’ என்று அழுத்திச் சொன்னபோது திரையில் அலை கூரையைத் தொட்டது. பஞ்சு உறையைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். அதை மாட்டி, ஒலிவாங்கியை வாயின் நேர்க்கோட்டிலிருந்து சற்று விலக்கிவைத்த பிறகு சரியாகிவிட்டது.

மிருதங்கத்துக்கு இது கிடைத்தற்கரிய பொருள். வலக்கைப் பக்கத்து வலந்தலையிலிருந்து ஒரு சாண் தள்ளி, அதன் நடுவிலுள்ள கரும்பூச்சான கரணைக்கும் விளிம்புக்கும் நடுவே குறிபார்த்து வைத்தால், 5,000 ஹெர்ட்ஸை ஒட்டி 57க்கு இயல்பாகவே உள்ள எடுப்பு விரல் சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. இடக்கைப் பக்கத்துத் தொப்பிக்கு இரண்டாவது ஒலிவாங்கி இருந்தால் நல்லது. இல்லாதவர் வாசிப்பவரைச் சற்றுத் திருப்பி உட்காரச் சொல்ல வேண்டியதுதான். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஒலிவாங்கி திணறியதாக எனக்கு நினைவில்லை.

மென்மையாகப் பேசுகிறவர்களிடம்தான் குறை தெரிகிறது. 94 டெசிபெல் சத்தத்துக்கு 57 தருவது 1.6 மில்லிவோல்ட் மட்டுமே. அதே சத்தத்துக்குப் பல கன்டென்சர்கள் 10 மில்லிவோல்ட்டுக்கு மேல் தந்துவிடும். ஆகவே ஒலிவாங்கியைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸின் கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) ஏறக்குறைய முழுவதும் திருக வேண்டியிருக்கிறது. என்னிடம் முன்பு இருந்த மலிவான இன்டர்ஃபேஸ் அந்த உச்சத்தில் தோசைக்கல்லில் நீர் தெளித்தது போல் இரையும். ஒலிவாங்கிக் கம்பி வழியாகவே இன்டர்ஃபேஸ் அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரத்தில் இயங்கி 20 டெசிபெலுக்கு மேல் கூட்டித்தரும் சிறு பெருக்கிகள் விற்கின்றன. ஆனால் 55 டெசிபெலுக்கு மேல் சுத்தமான கெயின் தரும் இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவருக்கு அது வீண் செலவு.

கையில் சால்டரிங் கோல் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு சிறு வேலை சொல்கிறேன். 57இன் கைப்பிடிக்குள் ஒரு மின்மாற்றி இருக்கிறது. அதன் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 310 ஓம். இக்கால இன்டர்ஃபேஸ்களின் மைக் உள்ளீடு பொதுவாக 2,000 ஓமுக்கு மேல் இருப்பதால் அந்த மின்மாற்றிக்குப் போதிய சுமை கிடைப்பதில்லை. ஒலிவாங்கிக் கம்பியை மாட்டும் எக்ஸ்எல்ஆர் இணைப்பின் 2, 3 ஆகிய முள்களுக்கு இடையே ஒரு 680 ஓம் ரெசிஸ்டரை (மின்தடையை) பற்றவைத்தால், மேல்ஸ்தாயியில் குத்தும் தன்மை தணிகிறது. சுமார் 3 டெசிபெல் ஒலி குறையும். மிருதங்கத்துக்கு அது பொருட்டே அல்ல, மெல்லிய குரலுக்கு அது நட்டம். அதனால்தான் நான் ஒலிவாங்கிக்குள் கைவைக்காமல், ஓர் ஆண் முனையும் ஒரு பெண் முனையும் கொண்ட குட்டி இணைப்பானுக்குள் ரெசிஸ்டரை வைத்து, வேண்டும்போது மட்டும் இடையில் சேர்த்துக்கொள்கிறேன். இதற்கான பொருள்களை வாங்கத் தேக்காவிலிருந்து ஜாலான் புசார் சிம் லிம் டவருக்கு நடந்தே போய்விடலாம். ரெசிஸ்டரின் விலை சில காசுதான். அங்கே போனால் தேவையில்லாத நான்கு பொருள்களையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வருவதைத்தான் என்னால் இன்றுவரை நிறுத்த முடியவில்லை. மின்மாற்றியையே பிடுங்கியெறியும் வழியைச் சிலர் போற்றுகிறார்கள். ஒலி அளவு மேலும் விழுந்துவிடும் என்பதால் குரல் பதிவு செய்கிறவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

வீணையிடம் மட்டும் 57 தோற்றுவிடுகிறது. அருகில் வைத்தால் மெட்டில் விரல் உரசுவதும் நகம் தந்தியில் படுவதும்தான் பெரிதாகக் கேட்கின்றன. குடமும் தண்டியும் சேர்ந்து எழுப்பும் நாதம் காதில் விழ இரண்டடியாவது தள்ளிப்போக வேண்டும். தள்ளிப்போனால் 57இன் ஒரே பலம் போய்விடுகிறது. கமகத்தின் முடிவில் இழைந்து மறையும் நாதத்தை இன்டர்ஃபேஸுக்குள் இருக்கும் முன்பெருக்கியின் இரைச்சல் விழுங்கிவிடுகிறது. ஆகவே என் அத்தை வீணையோடு வரும் நாள்களில் பழைய கன்டென்சரையே எடுத்துவைக்கிறேன். மின்விசிறியை நிறுத்தி, ஏர்கானை அணைத்து, இரவு ஒன்பது மணிவரை வியர்த்துக்கொண்டே காத்திருக்கிறோம்.