எட்டோடு நிறுத்தலாமா, ஒன்பதும் வேண்டுமா? ஸ்டார் வார்ஸ் கதை எங்கே முடிய வேண்டும்

"விடுங்கப்பா, அவன் எப்படியும் திரும்பி வந்துடுவான்."

என் மகள் இதைச் சொன்னபோது திரையில் டார்த் வேடர், பேரரசர் பால்பட்டீனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். 2020 ஊரடங்கில் ஸ்டார் வார்ஸ் ஒன்பது படங்களையும் வெளிவந்த வரிசையிலேயே அவளுக்குக் காட்டி முடித்தேன். சில மாதம் கழித்து ஆறாவதை மட்டும் மறுபடி போட்டிருந்தேன் (இங்கே எண்கள் எல்லாம் கதை வரிசைப்படி, வெளிவந்த வரிசைப்படி அல்ல). முதல் தடவை இதே காட்சிக்கு சோபா மேல் ஏறி நின்று கத்தியவள், இந்தத் தடவை முறுக்கைக் கடித்துக்கொண்டே இப்படிச் சொன்னாள். அவள் மேல் தப்பே இல்லை. ஒன்பதாவது படம் கற்றுக்கொடுத்த பாடத்தைத்தான் ஒப்பித்தாள்.

அவள் தம்பிக்கு இப்போது அதே பத்து வயது. போன கோடை விடுமுறையில் அவனுக்குக் காட்டும்போது எட்டாவதோடு நிறுத்திவிட்டேன். ரசிகர்கள் பல வருஷமாக அடித்துக்கொள்ளும் ஒரு விவகாரத்தில் எங்கள் வீட்டளவில் இப்படி ஒரு முடிவு எடுத்தாகிவிட்டது. அது ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன். எல்லா முடிவுகளையும் போட்டு உடைக்கப் போகிறேன், படங்களை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதல் கட்சி ஆறோடு முடிப்பவர்கள். 1983-ல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடாய்'தான் கடைசி, 2012-ல் ஜார்ஜ் லூகாஸ் தன் நிறுவனத்தை டிஸ்னிக்கு விற்ற பிறகு வந்த எதுவும் கணக்கில் சேராது என்பார்கள். இவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. அப்பன் வேடர் கெட்டான், மகன் லூக் மீட்டான், கதை முடிந்தது. கரடிக்குட்டி மாதிரி இருக்கும் ஈவோக்குகள் பேரரசின் படையைக் கல்லாலும் கட்டையாலும் அடித்து விரட்டுவதை ஏற்றுக்கொள்ள முடிந்தால் போதும், நிம்மதியான முடிவுதான். நஷ்டம் ஒன்றே ஒன்று. லூக் ஸ்கைவாக்கர் என்ற வாலிபன் கிழவனாகி என்ன ஆனான் என்பது நமக்குக் கிடைக்காமலே போய்விடும். எனக்கு அது பெரிய நஷ்டம், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது கட்சி, 2019 டிசம்பரில் வந்த 'த ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்'தான் முடிவு என்பவர்கள். அதிகாரபூர்வமான முடிவும் அதுதான். இந்தப் படம் பிறந்ததே நெருக்கடியில்தான். முதலில் இயக்குவதாக இருந்த காலின் ட்ரெவோரோ 2017 செப்டம்பரில் விலகினார். ஏழாவதை எடுத்த ஜே.ஜே. ஏப்ரம்ஸைத் திரும்ப அழைத்து வந்தார்கள். லூக்கின் சகோதரி லேயாவாக நடித்த கேரி ஃபிஷர் 2016 கடைசியிலேயே காலமாகிவிட்டதால், முன்பு எடுத்துப் பயன்படுத்தாமல் வைத்திருந்த காட்சிகளைக் கோத்து அவரை உள்ளே கொண்டுவந்தார்கள். இவ்வளவையும் தாண்டி இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு காட்சி உண்டு. கடல் கொந்தளிக்கும் இடிபாட்டின் மேல் கைலோ ரென் தனியாக நிற்கிறான். அவன் கையால் செத்த அப்பா ஹான் சோலோ, ஒரு நினைவாக எதிரே வந்து நிற்கிறார். மகன் 'அப்பா' என்று ஆரம்பித்து மேலே சொல்ல முடியாமல் திணற, 'எனக்குத் தெரியும்' என்கிறார். ஆடம் டிரைவரின் முகத்தை அந்த இடத்தில் பாருங்கள், இந்தக் கட்சிக்காரர்கள் ஏன் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று புரியும்.

இசை, சண்டை, கப்பல்கள் எல்லாம் எல்லாப் படத்திலும் இருக்கின்றன, அதை விடுவோம். ஒரு முடிவை நான் எடைபோடுவது ஒரே ஒரு விஷயத்தை வைத்துத்தான். அதைப் பார்த்துவிட்டு முந்தைய படங்களுக்குத் திரும்பிப் போனால், அவை கூடியிருக்கின்றனவா, குறைந்திருக்கின்றனவா? ஸ்டார் வார்ஸை யாரும் ஒரு தடவையோடு விடுவதில்லை. புதுப் படத்தின் பரபரப்பு ஒரு மாதத்தில் அடங்கிவிடும், அப்புறம் வருஷக்கணக்கில் மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பதுதான் மிச்சம். அப்படிப் பார்க்கும்போது பழைய காட்சியில் ஒரு ஓட்டை விழுந்திருந்தால், அந்த ஓட்டையோடுதான் காலம் முழுக்கப் பார்க்க வேண்டும்.

வேடர் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். லூக் அப்பாவைத் தோற்கடித்து, அவர் வலது கையை வெட்டிவிட்டான். வெட்டுப்பட்ட இடத்தில் கம்பியும் புகையும். தன் கையும் இயந்திரக் கைதான் என்பது அப்போது அவனுக்கு உறைக்கிறது. லைட்சேபர் என்ற ஒளிவாளைத் தூக்கி எறிகிறான். பேரரசர் விரல்நுனியிலிருந்து மின்னலைப் பாய்ச்சி அவனைத் துடிக்கத் துடிக்கக் கொல்லப் பார்க்கிறார். பக்கத்தில் வேடர் நிற்கிறார். முகமூடிக்கு எந்த முகபாவமும் கிடையாது. அது பேரரசர் பக்கம் திரும்புகிறது, மகன் பக்கம் திரும்புகிறது, மறுபடி பேரரசர் பக்கம். ஒரு கறுப்பு முகமூடி மூன்று நான்கு தடவை திரும்புவதில் ஒரு மனிதன் மனசு மாறுவதை நாம் பார்த்துவிடுகிறோம். (2011 ப்ளூ-ரே பதிப்பில் லூகாஸ் அந்த இடத்தில் வேடரை 'நோ' என்று கத்த வைத்துவிட்டார். பழைய மௌனமே எனக்குப் போதும்.) அப்புறம்தான் பேரரசரைத் தூக்கிக் குழியில் வீசுகிறார். அந்த மின்னலை முழுக்கத் தன் மேல் வாங்கிக்கொண்டு சாகிறார்.

ஒன்பதாவது படத்தின்படி அப்படி விழுந்த ஆள் எக்ஸகோல் என்ற கிரகத்தில் உயிரோடுதான் இருக்கிறார். கண் குருடாகி, ஒரு பெரிய இயந்திரக் கையில் தொங்கிக்கொண்டு, ஆயிரக்கணக்கில் கப்பல் கட்டிக்கொண்டிருக்கிறார். எப்படிப் பிழைத்தார்? திரும்பி வந்த சேதியே படத்தின் ஆரம்ப எழுத்துகளில் போய்விடுகிறது. பிறகு ஒரு பாத்திரம் 'எப்படியோ வந்துவிட்டார்' என்கிறது, இன்னொருவர் நகலாக்கம், இருண்ட வித்தை என்று ஒரு வரி சொல்கிறார். அவ்வளவுதான். பத்து வயசுக் குழந்தை அதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளும்? குழியில் வீசினாலும் ஆள் சாகமாட்டான், அடுத்த பாகத்துக்கு வருவான் என்றுதானே?

இதற்கு எதிர்க்கட்சி ஒரு நல்ல பதில் வைத்திருக்கிறது. வேடர் தன் மகனைக் காப்பாற்றினார், அதுதான் அவருடைய மீட்சி, பேரரசர் செத்தாரா பிழைத்தாரா என்பது அப்புறம் என்கிறார்கள். பாதி சரி. ஆனால் 1999-ல் தொடங்கிய முன்கதைப் படங்கள் மூன்றும் என்ன சொல்லி நம்மை உட்கார வைத்தன? ஃபோர்ஸ் என்ற மாய சக்திக்குச் சமநிலையைக் கொண்டுவரப் பிறந்தவன் அனகின் (வேடரின் பழைய பெயர்) என்றுதானே? அந்த வாக்கு நிறைவேறுகிற இடமே அந்தக் குழிதான். அதில் விழுந்தவர் முப்பது வருஷம் கழித்து மறுபடி வந்து, இன்னொருத்தி அவரை முடித்துவைக்க வேண்டியிருந்தால், அனகின் கொண்டுவந்தது ஒரு இடைவேளை மட்டும்தான். ஒரு படத்தைச் சுவாரசியமாக்க ஆறு படங்களின் கிளைமாக்ஸிலிருந்து எடுத்துச் செலவழித்துவிட்டார்கள். புதுப் படங்களின் நாயகி ரே விஷயமும் இதே கணக்குதான். உன் பெற்றோர் குடிக்கிற காசுக்காக உன்னை விற்ற பழைய இரும்பு வியாபாரிகள், நீ யாருமே இல்லை என்று எட்டாவது படம் அவளிடம் சொல்கிறது. அதைக் கேட்டு நொறுங்கியும் அவள் நல்லவளாகவே நிற்பது எவ்வளவு பெரிய விஷயம்! ஒன்பதாவது அவளைப் பால்பட்டீனின் பேத்தியாக்கியது. இப்போது அந்த நொறுங்கும் காட்சியைத் திரும்பப் பார்த்தால், பாதி உண்மையைக் கேட்டு அவள் அழுவது போல் ஆகிவிடுகிறது.

இனி என் கட்சி. 2017-ல் ரயன் ஜான்சன் இயக்கிய 'த லாஸ்ட் ஜெடாய்'.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். சூதாட்ட நகரம் வரும் பகுதி இழுவை. தூங்கிக்கொண்டிருக்கும் தன் மருமகன் கைலோ மேல் லூக் ஒரு கணம் லைட்சேபரை ஏற்றிய இடம் பலருக்கும் ஆறாத புண். லூக்காக நடித்த மார்க் ஹாமிலே முதலில் இந்த லூக்கை ஏற்கவில்லை என்று வெளிப்படையாகப் பேசினார். எனக்கும் தியேட்டரில் பார்த்த அன்று வயிற்றைப் பிசைந்தது.

ஆனால் கடைசி அரைமணி நேரத்தில் கிரெய்ட் கிரகம். மேலே வெள்ளை உப்பு, கால் பட்டால் அடியிலிருந்து ரத்தச் சிவப்பு கிளம்பும் மண். எதிரியின் பீரங்கி வரிசை முன்னால் லூக் தனியாக நடந்து வருகிறார். அத்தனை குண்டும் அவர் மேல் பொழிந்து, புகை அடங்கினால், தோளில் தூசி தட்டிக்கொண்டு நிற்கிறார். கைலோ ரென் இறங்கி வந்து வாளை வீசுகிறான், லூக் விலகுகிறார், மறுபடி வீசுகிறான், விலகுகிறார். இந்த இடத்தில் என் மகன் ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்தி, "அப்பா, அவர் கால் வச்ச இடத்துல சிவப்பே வரலையே" என்றான். நான் மூன்றாம் தடவை பார்த்தபோதுதான் கவனித்தது அது. கைலோவின் கால் போகிற இடமெல்லாம் சிவப்புக் கோடு கிழிகிறது. லூக்கின் காலடியில் உப்பு உப்பாகவே இருக்கிறது. ஏனென்றால் அவர் அங்கே இல்லவே இல்லை, தூரத்தில் ஒரு தீவின் பாறைமேல் உட்கார்ந்து தன் உருவத்தை மட்டும் அனுப்பியிருக்கிறார். யாரையும் வெட்டவில்லை, யாரையும் கொல்லவில்லை, தன்னவர்கள் தப்பிக்க நேரம் வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்தப் பாறையிலேயே இரண்டு சூரியன்கள் மறைவதைப் பார்த்தபடி உயிரை விடுகிறார்.

இங்கேதான் என் தராசு சாய்கிறது. இதைப் பார்த்துவிட்டு ஆறாவதற்குத் திரும்பிப் போங்கள். அன்றைக்கு வாளைத் தூக்கி எறிந்த வாலிபன், கடைசிச் சண்டைக்கு நிஜ வாளே இல்லாமல் வந்தான். ஐந்தாவதில் லூக்கின் குரு யோடா சொன்னது நினைவிருக்கும், ஜெடாய் வீரன் ஃபோர்ஸைப் பயன்படுத்துவது காப்பதற்கு, தாக்குவதற்கு ஒருபோதும் இல்லை என்று. சொன்ன யோடாகூட முன்கதைப் படங்களில் வாளைச் சுழற்றிக்கொண்டு குதித்தார். அந்தப் பாடத்தை முழுசாகச் செய்து காட்டியது கிழட்டு லூக் ஒருவர்தான். அப்படியே 1977-ல் முதலில் வெளிவந்த படத்துக்குப் போனால், பண்ணைவீட்டு வாசலில் நின்று இரண்டு சூரியன்களை ஏக்கத்தோடு பார்க்கும் பையனின் முகத்தில் இப்போது அந்தக் கிழவரும் தெரிகிறார். பழைய காட்சிகள் எதுவும் குறையவில்லை, ஏறித்தான் இருக்கின்றன. ஆறோடு நிறுத்தினால் எனக்கு நஷ்டம் என்று சொன்னது இதைத்தான்.

கடைசிக் காட்சியில் குதிரைலாயத்துச் சிறுவர்கள் சின்னப் பொம்மைகளை வைத்து லூக்கின் கதையைத் தங்களுக்குள் நடித்துக்கொள்கிறார்கள். ஒரு பையன் வெளியே வருகிறான், கையை நீட்டுகிறான், துடைப்பம் தானாக நகர்ந்து கைக்கு வருகிறது. வானத்தைப் பார்க்கிறான். அவனுக்குப் பேர்கூட வேண்டியதில்லை. ரேயைப் போல அவனும் எந்தப் பெரிய குடும்பத்துப் பிள்ளையும் இல்லை. ஸ்கைவாக்கர்கள் கதை முடிந்தது, ஃபோர்ஸின் கதை முடியவில்லை என்பதைச் சொல்ல அதற்குமேல் என்ன வேண்டும்?

கைலோ என்ன ஆனான், போர் என்ன ஆனது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எட்டோடு நிறுத்தினால் இதற்கு விடை கிடையாது. எஞ்சியவர்கள் எல்லோரும் ஒரே ஒரு பழைய கப்பலுக்குள் அடங்கிவிடுகிறார்கள். இதைவைத்து எப்படி மறுபடி எழுவது என்று ரே கேட்க, நமக்குத் தேவையானது எல்லாம் இங்கேயே இருக்கிறது என்கிறார் லேயா. படம் வெளிவருவதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பே கேரி ஃபிஷர் போய்விட்டார். எட்டோடு நிறுத்தும் எங்கள் வீட்டில் லேயா சாகவில்லை. விடை தெரியாத அந்தக் குறையை இதற்காகவே நான் தாங்கிக்கொள்வேன்.

நான்காவது கட்சியும் ஒன்று உண்டு, படமாகாத திரைக்கதைக்காரர்கள். ட்ரெவோரோவும் டெரெக் கானலியும் 2016 டிசம்பரில் எழுதிய வரைவு 2020 தொடக்கத்தில் கசிந்தது. 'டூயல் ஆஃப் த ஃபேட்ஸ்' என்று பெயர். அதில் பால்பட்டீன் பழைய பதிவுச் செய்தியாக வருவதோடு சரி, உயிரோடு வருவதில்லை. ரே யாருடைய பேத்தியும் இல்லை. ரேயின் நண்பன் ஃபின் தலைநகரில் எதிரிப் படையின் ஸ்டார்ம்ட்ரூப்பர் வீரர்களையே கிளர்ச்சிக்குத் திரட்டுகிறான். தானும் அப்படி ஒரு வீரனாக இருந்து ஓடிவந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உண்டா? என் அளவுகோலில் இது ஒன்பதாவதைவிட மேல். ஆனால் காகிதத்தில் இருப்பதையும் திரையில் ஓடியதையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. காகிதத்தில் யாருடைய நடிப்பும் சொதப்பாது, எந்தக் காட்சியும் இழுக்காது. அதனால் இதற்கு என் முழு ஓட்டைப் போட மாட்டேன்.

என் அனுபவமும் இரண்டு பிள்ளைகளோடு முடிகிறது. மகள் கொஞ்சம் எதையும் கணக்குப் போடும் ரகம், ஒன்பதைப் பார்க்காமல் இருந்திருந்தாலும் அதையே சொல்லியிருக்கலாம். ஒன்பதாவதையே முதலில் தியேட்டரில் பார்த்து இந்த உலகத்துக்குள் வந்த பிள்ளைகளுக்கு ரேதான் எல்லாம், அவர்களுக்கு என் தராசு செல்லாது.

எட்டு முடிந்து ஒரு வாரம் கழித்து மகனே ஆறாவதை மறுபடி போடச் சொன்னான். ஒன்பதாவது ஒன்று இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள், என்ன நடக்கிறது என்றுதான் தெரியாது. சிம்மாசன அறைக் காட்சி வந்ததும் தரையில் திரைக்கு ரொம்பக் கிட்டப் போய் உட்கார்ந்தான். முகமூடி ஒரு பக்கம் திரும்பியது. "யாரைப் பாக்கறாரு இப்போ?" என்றான். மறுபக்கம் திரும்பியது. வேடர் குனிந்து தூக்கினார், வீசினார், குழியின் அடியிலிருந்து நீல வெளிச்சம் வெடித்து மேலே வந்தது.

"அக்கா, செத்துட்டான்ல?"

மகள் என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"செத்துட்டான்டா" என்றாள்.