தண்டவாளத்தில் எப்போதும் கரண்ட்: டிசிசியோடு ஏழு வருடம்

சிவதாபுரத்தில் எங்கள் கொலுசுப் பட்டறைக்கு மேலே பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை இருக்கிறது. 2018-இல் ஆயுதபூஜை முடிந்த கையோடு அங்கே பிளைவுட் அடித்து மாடல் ரயில் பாதை போட ஆரம்பித்தேன். அதை டிசிசி (டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்) என்ற முறையில் ஓட்டுவதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். எச்ஓ அளவு, நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு, இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 16.5 மில்லிமீட்டர். சேலம் ஜங்ஷனை எடுக்க இந்த அறை போதாது. அதனால் டேனிஷ்பேட்டை, லோக்கூர் பக்கம் பார்க்கிற மாதிரி மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன் வைத்தேன். மெயின் லைன், வண்டி ஒதுங்கி நிற்க ஒரு லூப், சரக்குக்கு ஒரு சைடிங், சுற்றி வர ஓர் ஓவல்.

முதல் மூன்று மாதம் பழைய டிசி (நேர்மின்சார) ரெகுலேட்டர்தான். குமிழைத் திருகினால் தண்டவாளத்தில் வோல்ட் ஏறும், இன்ஜின் ஓடும். இரண்டாவது இன்ஜினை வைத்தேன். அதுவும் சேர்ந்து ஓடியது. லூப்பில் ஒன்றை நிறுத்திவிட்டு மெயினில் இன்னொன்றை விட வேண்டுமென்றால் பாதையைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு சுவிட்ச் போட வேண்டும். இன்னொன்றும் மனசை உறுத்தியது. வண்டி பிளாட்பாரத்தில் நின்றதும் பெட்டி விளக்கெல்லாம் அணைந்துவிடும். ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஜங்ஷனில் நிற்கும்போது ஜன்னல் வரிசையெல்லாம் வெளிச்சமாக இருக்குமே, அது இங்கே வரவே இல்லை.

அப்பா ஓய்வுபெற்ற டிரைவர். இப்போது லோகோ பைலட் என்கிறார்கள். மாடிக்கு வந்து ஒருநாள் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கம்பியில எப்பவும் 25,000 வோல்ட் நிக்கும் கண்ணு. அதை ஏத்தி இறக்கறது வண்டிக்குள்ள நாங்க. நீ லைன்லயே கரண்டை ஏத்தி இறக்கிக்கிட்டு இருந்தா, வண்டியில டிரைவர் எதுக்கு?”

டிசிசி என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. தண்டவாளத்தில் 15 வோல்ட் எப்போதும் நிற்கும். ஆனால் அது நேர்மின்சாரம் இல்லை. பிளஸ்ஸும் மைனஸும் மாறி மாறி வரும் சதுர அலை. அந்த மாற்றத்தின் நேரத்தில்தான் செய்தி இருக்கிறது. அலையின் ஒரு பாதி 58 மைக்ரோசெகண்ட் நீடித்தால் அது ‘1’. 100 மைக்ரோசெகண்ட் நீடித்தால் அது ‘0’. இந்த ஒன்றும் பூஜ்யமும் சேர்ந்து ‘மூன்றாம் நம்பர் இன்ஜின், முன்னால் போ, இந்த வேகத்தில்’ என்று ஒரு பாக்கெட் ஆகிறது. கடைசியில் சரிபார்க்க ஒரு பைட். இன்ஜினுக்குள் இருக்கும் டீகோடர் தன் எண்ணைக் கண்டால் மட்டும் கேட்கும், மற்றதை விட்டுவிடும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறை இது. 1990-களில் அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ இதைப் பொதுத்தரமாக ஏற்றுக்கொண்டது. அதனால்தான் ஒரு கம்பெனி டீகோடரும் இன்னொரு கம்பெனி கன்ட்ரோலரும் இன்றைக்கும் சண்டையில்லாமல் ஓடுகின்றன. எனக்கு இதில் ரொம்பப் பிடித்ததே அந்தப் பொதுத்தரம்தான்.

நான் வாங்கிய ரெடிமேட் கன்ட்ரோலர் எதுவும் இல்லை. ஆர்டுயினோ என்ற சின்ன கணினிப் பலகையும், தண்டவாளத்துக்குக் கரண்ட் அனுப்ப அதன்மேல் செருகும் மோட்டார் ஷீல்டும் வாங்கி, டிசிசி பிளஸ்பிளஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றினேன். பிறகு அதன் வாரிசான டிசிசி-இஎக்ஸுக்கு மாறினேன். அடாப்டரோடு சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது. போனில் ‘இன்ஜின் டிரைவர்’ செயலி. வைஃபை வழியாக என் போனில் ஒரு வண்டி, மகள் போனில் ஒரு வண்டி. ஏழு வருடத்தில் பலகை ஒரு தடவைதான் மாற்றினேன், அதுவும் மழைக்கால இடி ஒன்றில் அடாப்டரோடு போனது. இப்போதெல்லாம் வானம் இருட்டினாலே பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன். இந்த ஷீல்டு இரண்டு ஆம்பியருக்குள்தான் தாங்கும். மூன்று இன்ஜின் ஒரே நேரத்தில் ஓட்ட எனக்கு அது போதுகிறது. பெரிய பாதை வைத்திருப்பவர்களுக்குப் போதாது.

அப்பாவுக்குப் பிடித்த பகுதி சிவி. டீகோடருக்குள் இருக்கும் எண் அமைப்புகள்தான் சிவி. சிவி 1 இன்ஜினின் முகவரி, புதிதாக வரும்போது எல்லாமே 3 என்றுதான் இருக்கும். சிவி 3 வேகமெடுக்கும் நிதானம், சிவி 4 வேகம் குறையும் நிதானம். நான் சிவி 3-ஐப் பூஜ்யத்தில் விட்டிருந்தேன். போனில் விரலை இழுத்ததும் பத்து வேகனோடு சரக்கு வண்டி குதித்துக்கொண்டு கிளம்பியது. அப்பா கையை நீட்டித் தடுத்தார். “வெடுக்குனு எடுத்தா கப்ளிங் அறுந்துரும்டா. முதல்ல வண்டியை நீட்டணும். கடைசி வேகன் நகர்ந்தது தெரிஞ்ச பின்னாடிதான் அடுத்த நாட்ச்.” அவர் ஓட்டிய டபிள்யூஏபி-4 மின்சார இன்ஜினில், வோல்ட்டைப் படிப்படியாக ஏற்றும் டேப் சேஞ்சர் வழியாக 32 நாட்ச், அதாவது 32 படி உண்டு. ஒவ்வொன்றாக ஏறும்போது ஆம்பியர் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஏற்றுவாராம். சிவி 3-இல் 25 போட்டேன். ஒவ்வொரு எண்ணுக்கும் 0.896 செகண்ட் கணக்கு, அதாவது நின்ற இடத்திலிருந்து முழு வேகத்துக்கு 22 செகண்ட். அப்பா குனிந்து கடைசி வேகனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நகர்ந்ததும்தான் நிமிர்ந்தார். அன்றிலிருந்து அந்த எண்ணை நான் மாற்றவில்லை.

டீகோடர் பொருத்துவது பற்றி. சாக்கெட் உள்ள இன்ஜின் என்றால் செருகினால் வேலை முடிந்தது. பழைய இன்ஜினில் ஒயர் பற்றவைக்க வேண்டும். சிவப்பும் கருப்பும் தண்டவாளத்திலிருந்து, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளையும் மஞ்சளும் விளக்குக்கு, நீலம் பொது. என்எம்ஆர்ஏ தரத்தைப் பின்பற்றும் கம்பெனிகளில் நிறம் இதேதான். கொலுசில் கண்ணி கண்ணியாகப் பற்றவைத்த கை என்பதால் எனக்குப் பயமில்லை. ஆனால் பட்டறைப் பழக்கம் இங்கே ஆகாது. வெங்காரம், ஊதுகுழல் எல்லாம் கீழேயே இருக்கட்டும். ரோசின் உள்ள ஈயக்கம்பி, முனை மெல்லிய சால்டரிங் அயர்ன், இரண்டு செகண்டில் கையை எடுத்துவிட வேண்டும். என் முதல் டீகோடர் போனது பற்றவைத்ததில் இல்லை. அந்தப் பழைய இன்ஜினில் மோட்டாரின் ஒரு பிரஷ் உலோகச் சட்டத்தையே தொட்டுக்கொண்டிருந்தது, நான் பார்க்கவில்லை. பாதையில் வைத்த மறுகணம் புகை. மோட்டாரின் இரண்டு முனையும் சட்டத்தைத் தொடாமல் தனியாக நிற்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்காமல் டீகோடரைக் கையில் எடுக்காதீர்கள்.

மோட்டாருக்குக் கரண்ட் எடுக்கும் தகடு தேய்ந்தபோது வெள்ளித் தகட்டில் செய்து பார்த்தேன். வீட்டில் இருக்கும் பொருள், அதைவிட நன்றாகக் கடத்தும் உலோகமும் இல்லை. ஆனால் வெள்ளிக்கு ஸ்பிரிங் குணம் கிடையாது, ஒரு வாரத்தில் மடிந்து சக்கரத்தை விட்டு விலகிவிட்டது. பாஸ்பர் பிரான்ஸ் தகடு நான்கு வருடமாக நிற்கிறது.

அடுத்தது ஒயரிங். அதிகம் வேலை வாங்கியது இதுதான். இரண்டு கனமான ஒயர் பலகைக்கு அடியில் முழுச் சுற்றும் ஓட வேண்டும், ஒவ்வொரு மீட்டருக்கும் அதிலிருந்து மெல்லிய ஒயர் தண்டவாளத்துக்கு ஏற வேண்டும். தண்டவாள இணைப்புத் தகட்டை நம்பி விட்டால் ஒரு வருடம் ஓடும், அப்புறம் மூலையில் வண்டி மூச்சுவாங்கும். ஒயரிங் சரியா என்று பார்க்க ஒரு ரூபாய் நாணயம் போதும். பாதையில் எந்த இடத்திலும் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே நாணயத்தை வையுங்கள். கன்ட்ரோலர் அந்த நொடியே கரண்டை நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லை என்றால் அந்த இடத்தில் ஒயர் போதவில்லை, நிஜமாகவே வண்டி தடம்புரண்டு ஷார்ட் ஆகும் நாளில் ஏதாவது உருகும். என் பாதையில் முதல் தடவை பத்து இடத்தில் வைத்ததில் மூன்று இடம் தேறவில்லை. நம் சேலம் உருக்காலையில் நாணய வில்லை வெட்டும் பிரிவு உண்டு. அந்த நாணயத்தைக் கையில் பிடிக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

நிஜ ரயிலில், பாதையில் வண்டி நிற்கிறதா என்று கண்டறியும் டிராக் சர்க்யூட்டும் இதே வேலைதான். சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்ததும் ரிலே என்ற மின்சுவிட்ச் விழும், பின்னால் சிக்னல் சிவப்பாகும். தண்டவாளத்தில் துரு ஏறியிருந்தாலோ தண்ணீர் நின்றாலோ அதுவும் தடுமாறும். அதனால்தான் பல இடங்களில் உள்ளே போன அச்சு எத்தனை, வெளியே வந்த அச்சு எத்தனை என்று எண்ணும் ஆக்சில் கவுண்டர் வந்தது.

அழுக்கு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாடல் தண்டவாளம் நிக்கல் சில்வர். நம் கடைவீதியில் ஜெர்மன் சில்வர் என்று சொல்வோமே, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது, வெள்ளி துளியும் கிடையாது. கீழே பாலிஷ் போடும்போது எழும் மெழுகுத்தூசி மேலே வந்து இதன்மேல் படியும். ஆரம்பத்தில் உப்புத்தாளால் தேய்த்தேன். பளபளவென்று இருந்தது. ஒரு மாதத்தில் முன்பைவிட மோசமானது, கீறலுக்குள் அழுக்கு போய் உட்கார்ந்துவிட்டது. இப்போது ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சில்லாத துணி, வாரம் ஒரு தடவை. சக்கரத்தையும் துடைக்க வேண்டும், பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். டிசியில் அழுக்கு என்றால் வண்டி கொஞ்சம் தயங்கும். டிசிசியில் கரண்டும் செய்தியும் ஒரே வழியில் வருவதால் ஒரு கணம் விட்டுப்போனாலும் டீகோடர் அணைந்து மறுபடி விழித்துக்கொள்கிறது. இன்ஜினுக்குள் ஒரு சின்ன கெபாசிட்டர் வைத்தால் ஓரிரு செகண்ட் தாக்குப்பிடிக்கும். நான் எல்லா இன்ஜினிலும் வைத்துவிட்டேன்.

சித்திரை வெயிலில் மாடி அறை அடுப்பு மாதிரி. ஐந்து மீட்டர் தண்டவாளம் 20 டிகிரி சூடேறினால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இடைவெளி விடாமல் நெருக்கிப் போட்டிருந்தேன், ஒரு மத்தியானம் பாதை பாம்பு மாதிரி நெளிந்து கிடந்தது. ஒரு கோடையில் பயந்து பாதையின் பாதியை ஏற்காட்டில் மச்சான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வெயில் இல்லை, பனிமூட்டம் இருந்தது. பிளைவுட் ஈரம் குடித்து உப்பி, இரண்டு பலகை சேரும் இடத்தில் தண்டவாளம் ஒன்றுக்கொன்று விலகிவிட்டது. திரும்ப எடுத்து வந்துவிட்டேன். பலகையின் ஆறு பக்கமும் வார்னிஷ் அடித்த பிறகுதான் நிம்மதி.

சரி, எனக்கு மிகப் பெரிய பாடமாக இருந்த விஷயத்துக்கு வருகிறேன். வண்டியை மெயினிலிருந்து லூப்புக்குத் திருப்பும் பாயிண்டுகளைச் சின்ன சர்வோ மோட்டாரால் மாற்றுகிறேன். ஒரு ராத்திரி போனில் மெயின் என்று தொட்டேன், திரையும் மெயின் என்றுதான் காட்டியது. எக்ஸ்பிரஸ் லூப்புக்குள் போய் நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. சர்வோவின் கம்பி கழன்றிருக்கிறது. மோட்டார் திரும்பியது, பாயிண்ட் திரும்பவில்லை. திரை காட்டியது நான் கொடுத்த உத்தரவை. நடந்ததை அது பார்க்கவே இல்லை.

மகள் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. 2023 ஜூன் 2 அன்று பாலசோர் அருகே பஹாநகா பஜார் ஸ்டேஷனில் நடந்தது எங்கள் இருவருக்கும் மனதில் வந்தது. சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரசுக்கு மெயின் லைன் பச்சை. பாயிண்ட் லூப்புக்குத் திரும்பியிருந்தது, லூப்பில் சரக்கு ரயில். 290-க்கும் மேற்பட்ட உயிர்கள். சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்றத்தில் நேர்ந்த தவறு என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது. பொம்மை மோதலை அதோடு வைத்துப் பேசக் கூடாது. ஆனால் பாயிண்ட் உண்மையிலேயே எந்தப் பக்கம் ஒட்டி நிற்கிறது என்ற செய்தி திரும்பி வராமல் பச்சை விழக் கூடாது என்ற விதி எதற்கு என்று அந்த ராத்திரி எனக்கு உறைத்தது. மறுநாளே ஒவ்வொரு பாயிண்டின் அசையும் தண்டவாளத்துக்கும் ஒரு மைக்ரோ சுவிட்ச் வைத்தேன். அது அழுந்தினால்தான் என் சிக்னல் விளக்கு பச்சையாகும்.

கவச் பற்றி அப்பாவிடம் நிறையக் கேட்டிருக்கிறேன். நம் ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்டிஎஸ்ஓ உருவாக்கி, 2020-இல் நாட்டின் தானியங்கி ரயில் பாதுகாப்பு முறையாக ஏற்கப்பட்டது. தண்டவாளத்தில் பதித்த ஆர்எஃப்ஐடி பட்டைகளைப் படித்து இன்ஜின் தான் இருக்கும் இடத்தை அறிகிறது. சிக்னல் நிலை ரேடியோ வழியாக டிரைவர் முன்னால் திரையிலேயே வருகிறது. சிவப்பைத் தாண்டப் போனால் பிரேக் தானாகப் பிடிக்கும். 2022 மார்ச் 4 அன்று தெற்கு மத்திய ரயில்வேயில் இரண்டு இன்ஜின்களை எதிரெதிரே விட்டபோது, 380 மீட்டர் இருக்கும்போதே தானாக நின்றது. பனியில் சிக்னல் தேடிக் கண் வலித்த அப்பாவுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர் பேசும்போது தெரியும். “எங்க காலத்துல இது இருந்திருந்தா பல ராத்திரி நிம்மதியா ஓட்டியிருப்பேன்” என்பார். ஆனால் கவச் கொண்டுபோவது, பாயிண்டையும் சிக்னலையும் பிணைத்து வைக்கும் இன்டர்லாக்கிங் சொல்லும் செய்தியைத்தான். அதனால் பாயிண்டின் அடியில் இருக்கும் அந்தச் சின்ன சுவிட்சின் மதிப்பு எந்தக் காலத்திலும் குறையாது.

டிசிசியின் குறை என்று நான் சொல்வதும் இதுதான். அடிப்படை முறையில் அது ஒருவழிப் பேச்சு. உத்தரவு திரும்பத் திரும்பப் போகும், இன்ஜினிடமிருந்து பதில் வராது. ரெயில்காம் என்ற பிற்கால ஏற்பாட்டில் பாக்கெட்டுகளுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி விட்டு டீகோடரைப் பேசவைக்கிறார்கள். புதிதாக வாங்குபவர்கள் டீகோடரும் கன்ட்ரோலரும் ரெயில்காம் அறிந்தவையா என்று பார்த்து வாங்குங்கள். பாட்டு, ஹாரன், புகை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சத்தம் வரும் டீகோடர் ஒன்று என்னிடமும் இருக்கிறது. வெளிநாட்டு இன்ஜின் ஹாரன், அப்பாவுக்கு ஒட்டவே இல்லை.

ஒரே ஒரு இன்ஜின், ஒரு ஓவல் என்றால் டிசியே போதும், பணத்தை தண்டவாளத்தில் போடுங்கள். இரண்டாவது வண்டி வரும் அன்று டிசிசிக்கு மாறுங்கள்.

நான் அடுத்து ஒரு வேகனுக்குள் சின்ன லித்தியம் பேட்டரியும் ரேடியோ ரிசீவரும் வைத்துப் பார்க்கப் போகிறேன். தண்டவாளம் வண்டியைத் தாங்கினால் போதும், கரண்டும் செய்தியும் வேறு வழியில் வரும். பேட்டரி இந்த மாடி வெயிலைத் தாங்குமா என்பதுதான் சந்தேகம். தை மாதம் ஆரம்பித்து, வைகாசி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.