மிலரேபா குகைக்கு ஒருநாள் வழித்துணை: மனாங் ஊரின் உள்ளூர் வழிகாட்டிச் சேவை

நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் நடப்பவர்கள் பெரும்பாலும் மனாங் ஊரில் இரண்டு இரவுகள் தங்குகிறார்கள். 5,416 மீட்டர் உயரத்திலுள்ள தோரோங் லா கணவாயைக் கடக்கும் முன், ஏறத்தாழ 3,500 மீட்டரில் இருக்கும் இவ்வூரில் உடலை உயரத்துக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்பதே அதற்குக் காரணம். இடையில் கிடைக்கும் பகலில் கங்காபூர்ணா பனியாற்றின் அடியிலுள்ள ஏரிக்கோ, பிராகா ஊருக்கு மேலே 4,600 மீட்டரிலுள்ள கிச்சோ ஏரிக்கோ போய்வருவது வழக்கம். நானும் என் கணவரும் அந்த நாளை, மர்ஸ்யாங்தி ஆற்றின் மறுகரைச் சரிவில் மறைந்திருக்கும் மிலரேபா குகைக்கு ஒதுக்கினோம். பேசிசகரிலிருந்து எங்களுடன் வந்த வழிகாட்டி கணவாய்ப் பாதையை நன்கு அறிந்தவர் என்றாலும் குகைக்கு ஒருமுறையும் போனதில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டதால், தங்கிய விடுதியின் வழியாக உள்ளூர்க்காரர் ஒருவரை ஒரு நாளுக்கு அமர்த்திக்கொண்டோம். அந்தச் சேவையைப் பற்றியதே இம்மதிப்புரை.

மிலரேபா 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த திபெத்தியத் துறவி. மார்பா என்னும் பௌத்த குருவின் மாணவர், கம்போபா என்னும் துறவியின் ஆசான். இளமையில் பழிதீர்க்கும் வெறியில் செய்த கொலைகளுக்காக வருந்தி, பனிமலைக் குகைகளில் காஞ்சொறிக் கீரையை உண்டு தவமிருந்தார் என்பது மரபு. நியேஷாங் என்று மனாங் மக்கள் அழைக்கும் இப்பள்ளத்தாக்கில் அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. வேட்டை நாய் துரத்திய மான் ஒன்று அவர் குகைக்குள் ஓடி வந்து ஒடுங்க, அவர் பாடிய பாட்டில் மானும் நாயும் அருகருகே படுத்துக்கொண்டன. பின்னால் வில்லோடு வந்த கோன்போ தோர்ஜே என்ற வேடனும் வில்லை விட்டு அவருக்குச் சீடனானான். சித்தர்கள் இருந்ததாகச் சொல்லப்படும் குகைகளைத் தேடி மலையேறிப் பழகிய நமக்கு, இப்படியொரு இடத்தைப் பாராமல் கடந்து போக மனம் வராது.

ஆனால் இடத்தைக் கண்டுபிடிப்பது எளிதாக இல்லை. இணையமின்றி இயங்கும்படி கைப்பேசியில் இறக்கி வைத்திருந்த வரைபடத்தில் இதே பெயரில் இரண்டு புள்ளிகள் இருந்தன. ஒன்று சரிவிலுள்ள கோம்பா எனும் பௌத்த மடத்தின் மேலும், மற்றொன்று அதற்கு மேலே பாதையே இல்லாத சரிவிலும் விழுந்தது. வீட்டிலிருந்தே குறித்துக்கொண்டு போன, பழைய தாள் வரைபடம் ஒன்றிலிருந்து எடுத்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களோ இவ்விரண்டையும் விட்டு விலகி மூன்றாவது இடத்தைக் காட்டின. இதற்கு ஒரு காரணம் உண்டு. நேபாள நில அளவை வரைபடங்கள் பூமியின் வடிவத்தைக் கணிக்கும் 1830-ஆம் ஆண்டின் எவரெஸ்ட் நீள்வட்டக் கணக்கைத் தழுவியவை. கைப்பேசியின் ஜிபிஎஸ் கருவி பயன்படுத்தும் கணக்கு வேறு. ஒன்றின் எண்களை மாற்றாமல் மற்றொன்றில் இட்டால் புள்ளி சில நூறு மீட்டர் நகர்ந்துவிடும். அந்தப் பழைய கணக்குக்குப் பின்னால் இருக்கும், இந்தியத் துணைக்கண்டத்தை அளந்த பெரும் முக்கோண அளவைப் பணி 1802-இல் நம் சென்னைப் பரங்கிமலையருகே போட்ட அடிக்கோட்டிலிருந்து தொடங்கியது என்பதை அங்கே, அந்தக் குளிரில், நினைத்துக்கொண்டேன். செங்குத்தான பாறைச் சுவர்களில் செயற்கைக்கோள் அலைகள் பட்டுத் திரும்பி வரும் இடங்களில் ஜிபிஎஸ் காட்டும் இடமும் தடுமாறும் என்பதால், கருவியை மட்டும் நம்பி அந்தச் சரிவில் ஏறுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

நாங்கள் அமர்த்திய உள்ளூர்க்காரர் ஐம்பது வயதைத் தாண்டியவர். சிறுவயதில் அந்தச் சரிவுகளில் யாக் மேய்த்தவர். நேபாளியில் அண்ணனை 'தாய்' என்று அழைக்கிறார்கள். நாள் முழுவதும் அவரை அப்படி அழைத்தபோது நம் மொழியில் அச்சொல்லுக்குள்ள பொருளும் கூடவே ஒலித்தது. பாலத்தைக் கடந்ததும் பைன் மரங்களின் ஊடே பாதை ஏறத் தொடங்கி, பின்னர் ஜூனிப்பர் புதர்களும், பட்டை உரியும் பூர்ஜ மரங்களும் நிறைந்த காட்டுக்குள் போகிறது. பழைய ஏடுகள் எழுதப்பட்ட பூர்ஜபத்திரம் இம்மரத்தின் பட்டைதான் என்று அறிந்திருந்தும், உதிர்ந்து கிடந்த ஒரு சுருளைக் கையில் எடுத்துப் பார்த்தபோது அதன் மென்மை வியப்பளித்தது. அவர் எங்கள் மூச்சைக் கவனித்தே தம் நடையை அமைத்துக்கொண்டார், ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை.

ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில், 4,000 மீட்டரை ஒட்டிய உயரத்தில், கோம்பாவையும், சோர்த்தன் எனும் பௌத்தத் தூபியையும் அடைந்தோம். அங்கு வந்திருந்த வேறு சிலர் அதையே குகை என்று எண்ணிப் படமெடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். நாங்கள் தனியாக வந்திருந்தால் நாங்களும் அப்படியே திரும்பியிருப்போம். கோம்பாவுக்குப் பின்னால் நீல ஆடுகளும் யாக்குகளும் போட்ட தடங்கள் பலவாகப் பிரிகின்றன. அவற்றுள் எது மனிதர் போகும் தடம் என்று கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அவர் கைப்பேசியையோ வரைபடத்தையோ பார்க்கவில்லை. ஒரு பிளவுண்ட பாறையையும், அதற்கு மேலே வெயிலில் நிறம் வெளுத்துப் போன வேண்டுதல் கொடிகளையும் சுட்டிக்காட்டி, இரண்டுக்கும் நடுவே நேராக ஏறினார். கால் மணி நேர ஏற்றத்துக்குப் பின், பாறையின் அடியில், கீழிருந்து பார்த்தால் வெறும் நிழலாகத் தோன்றியிருக்கக்கூடிய ஒரு குழிவின் முன் நின்றோம். அவர் காலணிகளைக் கழற்றிவிட்டு மூன்று முறை விழுந்து வணங்கினார். அதன் பிறகே எங்களை அருகே அழைத்தார். கைப்பேசியின் மேற்புள்ளி அங்கிருந்து பார்த்தால் எட்டவே முடியாத ஒரு பாறை முகட்டில் இருந்தது. நாங்கள் கொடுத்த பணம் முழுவதும் அந்தக் கடைசிக் கால் மணி நேரத்துக்காகவே என்று கொண்டாலும் எனக்கு நிறைவே.

குறைகளும் உண்டு. ஆறரை மணிக்குப் புறப்படலாம் என்று முதல் நாள் பேசியிருந்தும், விடுதியில் காலை உணவு தாமதமானதால் எட்டேகால் மணிக்குத்தான் கிளம்பினோம். இப்பள்ளத்தாக்கில் முற்பகல் முடியும்போது காற்று வலுக்கத் தொடங்கிவிடுகிறது. குகை வாசலில் நாங்கள் இருபது நிமிடங்களுக்கு மேல் இருக்க முடியாமல் போனதற்கு அந்தத் தாமதமே காரணம். இதைவிடப் பெரிய குறை, சேவையை ஏற்பாடு செய்த விடுதியினர் எங்கள் உடல்நிலையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பதாகும். முந்தைய நாள்தான் மனாங் வந்து சேர்ந்தவர்களிடம் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை உண்டா என்று விசாரித்த பின்னரே மேலும் 500 மீட்டர் ஏற்றிச் செல்ல வேண்டும். ஊரில் இமயமலை மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் நடைப்பருவத்தில் உயர நோய் குறித்து உரை நடத்துகிறது. நாங்கள் அதைக் கேட்டிருந்ததால் எதைக் கவனிக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. எல்லோரும் கேட்டிருப்பார்கள் என்று விடுதியினர் எண்ணிக்கொள்ளக் கூடாது.

கட்டணம் இருவருக்கும் சேர்த்து 3,500 நேபாள ரூபாய்; இந்தியக் கணக்கில் ஏறத்தாழ 2,200 ரூபாய். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான நுழைவுச் சீட்டு இதில் அடங்காது. அதை முன்பே எடுத்திருக்க வேண்டும். மதிய உணவும் தண்ணீரும் நாமே கொண்டுபோக வேண்டும். வழியில் தண்ணீரை நம்ப வேண்டாம்; மனாங்கிலுள்ள குடிநீர் நிலையத்திலேயே ஆளுக்கு இரண்டு லிட்டர் நிரப்பிக்கொள்வது நல்லது. நம்முடைய வழிகாட்டிக்கும் உள்ளூர்க்காரருக்கும் இடையே மனக்கசப்பு வராதபடி, இருவரிடமும் முதல் நாள் மாலையே சேர்ந்து பேசிவிட வேண்டும். எங்கள் வழிகாட்டி மகிழ்ச்சியோடு கூட வந்து தடத்தைத் தாமும் கற்றுக்கொண்டார்.

மனாங்கில் இரண்டாம் இரவையும் நலமாகக் கழித்த பிறகு, மூன்றாம் நாளில் இந்த நடையை வைத்துக்கொள்ளக்கூடியவர்களுக்கு இச்சேவையை மனமாரப் பரிந்துரைக்கிறேன். காலை உணவை விடுதியில் உண்ணக் காத்திருக்காமல், திபெத்திய ரொட்டியும் அவித்த முட்டையும் முதல் இரவே கட்டித் தரச் சொல்லிவிட்டு, வெளிச்சம் வந்ததும் பாலத்தைக் கடந்துவிடுங்கள்.