கில்ட், ஸ்கர்ட், வேட்டி: எதைக் கட்டினால் யார் என்ன சொல்வார்கள்?

பேண்ட் வேண்டாம் என்று ஒரு ஆண் முடிவெடுத்துவிட்டால், ஸ்காட்லாந்தில் அவனுக்கு நாலு வழி உண்டு. டார்டன் கட்டம் போட்ட கம்பளி கில்ட் (அந்த ஊர் ஆண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும், முழங்கால் வரை வரும் மடிப்புத் துணி), பாக்கெட் வைத்த பருத்தி கில்ட், சாதா ஸ்கர்ட், நம்ம ஆளாக இருந்தால் வேட்டி. தெருவில் கிடைக்கும் வரவேற்பு நாலுக்கும் நாலு விதம். விலை, குளிர், காற்று எல்லாம் அப்புறம்தான். எந்த மாதிரிப் பேச்சை உங்களால் தாங்க முடியும் என்று பார்த்துத்தான் இதில் ஒன்றை எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. நான் எடின்பரோவில் குடியிருக்கிறேன். கில்ட் இரண்டும் வேட்டியும் கட்டிய அனுபவம் உண்டு. ஸ்கர்ட் மட்டும் பக்கத்திலிருந்து பார்த்தது.

கம்பளி கில்ட்டில் இருந்தே தொடங்கலாம். முழு கில்ட் என்றால் எட்டு கெஜம் துணி, அதாவது ஏழு மீட்டருக்கு மேல். முன்பக்கம் தட்டை, பின்பக்கம் முழுக்க மடிப்பு. இந்தக் கனம் இருப்பதால்தான் லேசான காற்றுக்கெல்லாம் அது அசைவதில்லை. உட்காரும்போதுதான் கவனம் வேண்டும்: பின்மடிப்பை ஒரு கையால் கீழே வழித்துவிட்டு உட்கார்ந்து, இடுப்பில் தொங்கும் ஸ்போரன் பையைத் தொடைகளுக்கு நடுவில் விழவிட்டால் முன்பக்கம் தானாக அடங்கிவிடும். பெண்கள் ஆறு வயதில் பழகிய வித்தையை நாம் நாற்பதில் கற்றுக்கொள்கிறோம்.

கல்யாணம், பட்டமளிப்பு, ரக்பி ஆட்டம் என்றால் கில்ட்டை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் பால் வாங்கப் போனால் கல்லாவில் இருக்கும் பெண் “இன்னிக்கு யாருக்குக் கல்யாணம்?” என்பார். அவ்வளவுதான். ஆனால் இந்த மரியாதை சும்மா வந்ததில்லை. பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்காக நடந்த ஜாக்கோபைட் கிளர்ச்சியை அடக்கிய கையோடு 1746இல் போட்ட சட்டத்தில், கில்ட் உள்ளிட்ட ஹைலாண்ட் (ஸ்காட்லாந்து மலைநாட்டு) உடை உடுத்திப் பிடிபட்டால் ஆறு மாதம் சிறை. மறுபடி பிடிபட்டால் ஏழு வருடம் நாடுகடத்தல். ராணுவத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. 1782இல்தான் அதை நீக்கினார்கள். நாற்பது வருடம் கழித்து, 1822இல், நான்காம் ஜார்ஜ் மன்னரே எடின்பரோவுக்கு கில்ட்டில் வந்தார், உள்ளே இளஞ்சிவப்பு இறுக்கக் கால்சட்டை போட்டுக்கொண்டு. ஊரே சிரித்தது, ஆனாலும் உடுப்புக்கு அந்தஸ்து வந்துவிட்டது.

“உங்களுக்கு ஏது குலம், ஏது டார்டன்?” என்று நம்மவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். ஸ்காட்லாந்துக் குலங்களுக்குத் தனித்தனி டார்டன் கட்டம் உண்டுதான், ஆனால் ஒரு குலத்தின் டார்டனை வெளியாள் உடுத்தக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. கூச்சமாக இருந்தால் பிளாக் வாட்ச் மாதிரி பொதுவாக எல்லோரும் உடுத்தும் டார்டன் இருக்கிறது. நான் அதைத்தான் எடுத்தேன்.

கில்ட்டுக்கு உண்மையான தொல்லை வேறு. “உள்ளே என்ன போட்டிருக்கே?” என்ற கேள்வி. சனிக்கிழமை ராத்திரி, கல்யாணப் பெண்ணை நடுவில் வைத்துக் கூத்தடிக்கும் தோழிகள் கூட்டம் ரயிலில் ஏறினால் தப்பிக்கவே முடியாது. கேள்வி மட்டும் என்றால் “ஷூவும் சாக்ஸும்” என்ற பழைய பதில் போதும், சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். சிலர் துணியைத் தூக்கிப் பார்க்கவே கை நீட்டுகிறார்கள். இன்வெர்னஸ் நகரில் ஒரு பாரில் பரிமாறும் ஆண்கள் இந்தத் தொல்லை தாங்காமல் கில்ட்டை விட்டு பேண்ட்டுக்கு மாறிய செய்தி வந்தது. கை நீளும்போது நகைச்சுவைக்கு இடமில்லை. ஒரு அடி பின்னால் நகர்ந்து, பெட்டி முழுக்கக் கேட்கும்படி “கையை எடுங்க” என்று சொல்லிவிடுங்கள். சொன்னதும் அடங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். துணிக்கு அடியில் கேமராவை நீட்டுவது ஸ்காட்லாந்தில் 2010 சட்டத்திருத்தத்திலிருந்து குற்றம். உடுத்தியவர் ஆணாக இருந்தாலும் அப்படித்தான்.

பாக்கெட் வைத்த கில்ட் அமெரிக்கச் சரக்கு. 2000இல் சியாட்டிலில் தொடங்கிய யுடிலிகில்ட்ஸ் நிறுவனம் பிரபலப்படுத்தியது. முரட்டுப் பருத்தி, பட்டன், பக்கவாட்டில் சுத்தியல் மாட்டும் அளவுக்குப் பை. வசதியில் இதை அடிக்க எதுவும் இல்லை: மெஷினில் துவைக்கலாம், போனும் சாவியும் உள்ளே போய்விடும். அமெரிக்காவில் “எங்கே வாங்கினீங்க?” என்று கேட்கிறார்கள். இங்கே வயதான ஒருவராவது நின்று, “அது கில்ட் இல்லை, தெரியுமா?” என்று சொல்லாமல் போகமாட்டார். வாதாடாதீர்கள். “ஆமா, இல்லைதான்” என்றால் அவருக்கும் நிம்மதி.

ஸ்கர்ட்தான் கடினமானது. நாலு பேராகச் சேர்ந்து போட்டால் அது போராட்டம், ஊரே கைதட்டும். 2013இல் ஸ்டாக்ஹோம் ரயில் ஓட்டுநர்கள், அரைக்கால்சட்டைக்கு அனுமதி இல்லை என்பதால் கோடையில் ஸ்கர்ட்டில் வேலைக்கு வந்தார்கள். 2017 ஜூன் வெயிலில் பிரான்ஸின் நாந்த் நகர பஸ் ஓட்டுநர்கள் அதையே செய்தார்கள். அதே மாதம் இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் பள்ளிப் பையன்களும். மூன்று இடத்திலும் கேட்டது அரைக்கால்சட்டை. ஸ்கர்ட் பிடித்துப் போய் யாரும் போடவில்லை. பிடித்துப் போய்த் தனியாகப் போடுகிறவனுக்கு அந்தக் கைதட்டல் கிடையாது. 2020இல் ஸ்பெயினின் பில்பாவோவில் ஸ்கர்ட் போட்டு வந்த மாணவனை வகுப்பிலிருந்து வெளியேற்றி உளவியலாளரிடம் அனுப்பினார்கள். அதைக் கண்டித்து ஆசிரியர்கள் சிலரே பிறகு ஸ்கர்ட் போட்டு வந்தார்கள். ஹாலிவுட் நடிகர் பிராட் பிட் 2022இல் பெர்லினில் தன் படத்தின் சிறப்புக் காட்சிக்கு லினன் ஸ்கர்ட்டில் வந்து, காரணம் கேட்டதற்குக் காத்தோட்டம் என்றார். அவருக்குக் காவலர் உண்டு, நமக்கு இல்லை.

என் அலுவலகத்தில் ஒருவர் கணுக்கால் வரை சாம்பல் நிற ஸ்கர்ட்தான் போடுவார். முதல் வாரம் எல்லோரும் அவர் முகத்தை மட்டுமே பார்த்துப் பேசினார்கள், கீழே பார்த்தால் குற்றம் என்பது போல. அவருடைய முறைகள் எளிமையானவை. பஸ்ஸில் கீழ்த்தளத்தில், ஓட்டுநர் பக்கமாக உட்கார்ந்துகொள்வார். காரிலிருந்து கத்துகிறவர்களுக்குத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நேரில் வந்து உண்மையாகக் கேட்பவருக்கு “எனக்குப் பிடிக்கும்” என்று ஒரே வரி. குழந்தைகள் கேட்டால் மட்டும் நின்று பேசுவார். வெள்ளி ராத்திரி வெளியே போவதென்றால் பேண்ட், இல்லாவிட்டால் டாக்சி. இதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால், அவர்கள் அந்த பஸ்ஸில் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும்.

வேட்டிக்கு வெள்ளைக்காரர்களிடம் பிரச்சினையே இல்லை. ஏதோ மத உடை என்று நினைத்துக்கொண்டு வழிவிடுகிறார்கள். மடித்துக் கட்டினால் கிட்டத்தட்ட கில்ட் உயரம்தான் வருகிறது. ஸ்காட்லாந்தில் முழங்கால் தெரிவது மரியாதை உடுப்பு. நம் ஊரிலோ பெரியவர் எதிரே வந்தால் மடித்ததை இறக்கிவிட வேண்டும். வேட்டிக்குத் தடை போட்டது நம் ஊர் கிளப்தான். 2014இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப் விழாவுக்கு வேட்டியில் போன உயர்நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. அதே வருடம் தமிழ்நாடு அரசு அந்தத் தடைகளுக்கு எதிராகச் சட்டமே கொண்டுவந்தது. எடின்பரோவில் வேட்டியின் எதிரி காற்றுதான். ஒட்டிக்கோ வேட்டியும், உள்ளே குளிருக்கான இறுக்கக் கால்சட்டையும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

நம்மவர்கள் வாய்க்குத் தனிப் பயிற்சி வேண்டும். லண்டனில் ஒரு கல்யாணத்துக்கு கில்ட்டில் போயிருந்தேன். பட்டு வேட்டி கட்டிய யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் நேராக வந்தார்.

“என்ன தம்பி, பாவாடை கட்டிக்கொண்டு நிக்கிறீர்?”

“இது இந்த நாட்டு வேட்டிங்கண்ணே.”

பின்மடிப்பில் ஒன்றை விரலால் பிடித்து எடை பார்த்தார். “நல்ல கனம். என்ன விலை?”

“ஐந்நூறு பவுண்ட்.”

“ஐந்நூறோ! அந்தக் காசுக்கு ஊரிலை கடையே வைக்கலாம்.” அதோடு பாவாடைப் பேச்சு போய், துணி, தையல், இறக்குமதி என்று சாப்பாட்டுப் பந்திவரை ஓடியது. கேலி செய்பவரிடம் விலையைச் சொல்லுங்கள். நம்மவர்களிடம் இதைவிட வேகமாக வேலை செய்யும் மருந்து எனக்குத் தெரியாது.

முதல் முறை போகிறவருக்கு என் தேர்வு கம்பளி கில்ட்தான், அதுவும் ஒரு கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்து. பிடித்தால் அன்றாடத்துக்குப் பருத்தி கில்ட் வாங்கிக்கொள்ளலாம். ஸ்கர்ட் உண்மையிலேயே ஆசைப்பட்டவருக்கு மட்டும். அளவு கொடுக்கும்போது பேண்ட் சைஸைச் சொல்லிவிடாதீர்கள்; கில்ட் தொப்புள் உயரத்தில் நிற்பது, அங்கே டேப் வைத்து அளந்த எண்ணைத்தான் கடைக்காரரிடம் சொல்ல வேண்டும்.