முதியோர் உதவித்தொகை: புத்ராஜெயா தருவதா, பினாங்கு தருவதா?

"நலத்துறையை மாநிலத்திடமே கொடுத்துவிடலாமே" என்ற பேச்சு பினாங்கில் அவ்வப்போது எழும். மலேசிய அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சமூகநலம் இரு அரசுகளுக்கும் பொதுவான பட்டியலில்தான் இருக்கிறது. சிக்கலே பணம்தான்.

பணம்
புத்ராஜெயா (மத்திய அரசு): வருமான வரி, நிறுவன வரி எல்லாம் அங்கேதான் சேர்கிறது. அதனால்தான் ஜேகேஎம் எனப்படும் மத்திய சமூகநலத் துறையின் முதியோர் உதவியை 2025-இல் மாதம் 500 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 600 ஆக்க முடிந்தது.
பினாங்கு: கையில் இருப்பது நிலவரி, நில பிரீமியம், தலைக்கு இவ்வளவு என்று மத்திய அரசு தரும் மானியம். மாநில அரசு முதியோருக்குத் தரும் ஐ-செஜாத்தெரா தொகையும் ஆண்டுக்கு ஒரு முறைதான். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் கட்டும் வரி நேராக மத்திய அரசுக்குப் போய்விடுகிறதே என்ற புலம்பல் நியாயமானதுதான்.

தகுதி
புத்ராஜெயா: வருமானம் பார்ப்பார்கள், பிள்ளைகள் கவனிக்கிறார்களா என்றும் கேட்பார்கள்.
பினாங்கு: 60 வயது, மாநில வாக்காளர், அவ்வளவுதான். கார் வைத்திருக்கும் தாத்தாவும் வாங்கலாம்.

அலைச்சல்
புத்ராஜெயா: மாவட்ட நல அலுவலகம், விசாரணை, காத்திருப்பு.
பினாங்கு: பக்கத்திலுள்ள சட்டமன்ற உறுப்பினர் சேவை மையத்தில் கேட்டாலே வழி சொல்வார்கள்.

வீடு மாறினால்
மகளோடு கோலாலம்பூர் செந்தூலுக்குக் குடிபோய், ஓட்டையும் அங்கே மாற்றிக்கொண்ட பாட்டிக்குப் பினாங்குத் தொகை கிடையாது. ஜேகேஎம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான்.

சரி, எது யாருக்கு? மாதாமாதம் அரிசி, மருந்துக்கு அதை நம்பி இருப்பவருக்குப் புத்ராஜெயா. ஆண்டுக்கொரு முறை கைச்செலவுக்குப் பினாங்கு. என்னைக் கேட்டால், பணம் மத்தியிலிருந்தே வரட்டும்; யாருக்குத் தேவை என்று பார்க்கும் வேலையை மட்டும் மாநிலத்திடம் விடலாம்.