வட்ஸ்அப்பா, சிக்னலா, பட்டன் போனா?

வன்னியில் இணையப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "எங்களிட்ட ஒளிக்க என்ன கிடக்கு?" மற்றது, "உந்த ஸ்மார்ட் போனே வேண்டாம், பட்டன் போன் காணும்." இரண்டாவதைச் சொல்பவர்களில் பலர் 2009இன் இறுதிப் போரைக் கடந்து வந்தவர்கள். பதிவு, விசாரணை, படம் பிடிப்பு எல்லாம் கண்டவர்கள். அந்தப் பயத்தைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு அவர்கள் தேடிய மருந்து பிழை.

பட்டன் போனில் சாதாரண அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும்தான். அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் திறக்கக்கூடிய பூட்டு இரண்டிலும் இல்லை. சிம் உங்கள் அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறது. யாருக்கு எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், எந்தக் கோபுரத்துக்குக் கிட்ட நின்றீர்கள் என்பது நிறுவனத்தின் கணக்கில் ஏறும். பேஸ்புக்கில் படம் போட முடியாது என்பது ஒன்றுதான் இலாபம்.

வட்ஸ்அப்பில் 2016 முதல் ஆட்கள் தமக்குள் பேசும் உரையாடலுக்கெல்லாம் அந்தப் பூட்டு உண்டு. அதுவும் சிக்னல் என்ற மற்றொரு செய்திச் செயலியின்காரர் உருவாக்கிய முறைதான். ரொறன்ரோவில் இருக்கும் மகனோடு முல்லைத்தீவில் தாய் பேசுவதை வட்ஸ்அப்பின் சொந்தக்காரரான மெட்டா நிறுவனமே கேட்க முடியாது. யார் யாரோடு தொடர்பு என்பது போன்ற விபரங்கள் அதன் கைக்குப் போகும். கூகுள் டிரைவ் என்ற இணையச் சேமிப்பிடத்துக்கு எடுக்கும் உரையாடல் பிரதியையும் நீங்களாகப் பூட்ட வேண்டும். 2021இல் வந்த வசதி, பலர் அதைத் தொட்டதே இல்லை.

சிக்னல் இதில் ஒரு படி மேல். உங்கள் இலக்கத்தைச் சொல்லி அதிகாரிகள் விபரம் கேட்டால் கணக்குத் திறந்த நேரமும் கடைசியாக இணைந்த நாளும் தவிர அதனிடம் சொல்ல அதிகம் இல்லை. 2024 முதல் இலக்கத்தை மறைத்துப் பயனர்பெயரோடும் பேசலாம். சரி, எல்லாரும் மாறலாமே? கனடாச் சித்தியும் பள்ளிக்கூடப் பெற்றோர் குழுவும் மீன்காரரும் வட்ஸ்அப்பில் இருக்கும்வரை அது நடக்காது.

உண்மையில் எனக்குப் பெரிய ஓட்டையாகப் படுவது செயலியில் இல்லை, சந்தியில் இருக்கும் போட்டோகொப்பிக் கடையில். மகளின் விண்ணப்பத்துக்கு அடையாள அட்டையைப் படம் எடுத்து, "தம்பி, ஒருக்கா பிரிண்ட் எடுத்துத் தாரும்" என்று கடையின் இலக்கத்துக்கு அனுப்புகிறோம். பிரிண்ட் நம் கையில், படம் கடைப் போனில். பழைய அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள். பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். ஆக, இலக்கம் ஒன்றே பிறந்த திகதியையும் ஆணா பெண்ணா என்பதையும் சொல்லிவிடும்.

இன்னும் மோசம், கடைக் கணினியில் வட்ஸ்அப்பைத் திறந்துவிட்டு லொக் அவுட் பண்ணாமல் வருவது. வீட்டில் சோறு தின்னும்போது வரும் செய்தியும் அங்கே விழும். போனில் வட்ஸ்அப்பின் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தை இன்றைக்கே திறந்து பாருங்கள், தெரியாத கணினி இருந்தால் நீக்குங்கள். அப்புறம் வட்ஸ்அப் கணக்கைத் திறக்க எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டை "மாறி வந்திட்டுது, அனுப்புங்கோ" என்று யார் கேட்டாலும், மச்சானின் இலக்கத்திலிருந்தே கேட்டாலும், கொடுக்க வேண்டாம். மச்சானின் கணக்கை யாராவது ஏற்கனவே பிடித்திருக்கலாம். இரண்டடுக்குச் சரிபார்ப்பு பின்னை (நீங்களே தெரிவுசெய்யும் இரகசிய எண்) போட்டுவிட்டால் குறியீடு மட்டும் வைத்து உடனே உள்ளே வர முடியாது.

ஆகவே குடும்பத்துக்கு என் தெரிவு வட்ஸ்அப்தான், பின்னோடும் பூட்டிய பிரதியோடும். படையினர் வைத்திருக்கும் காணிகளின் விடுவிப்புக்கு அலைபவர்களுக்கும், 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோர் உறவுகளின் போராட்டம் போன்றவற்றில் நிற்பவர்களுக்கும் சிக்னலைத்தான் சொல்வேன். செய்திகள் தானாக அழியும்படி நேரமும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: குழுவில் ஒருவரின் போன் திறந்தபடி பிறர் கையில் சிக்கினால் அதில் அழியாமல் கிடக்கும் எல்லாருடைய செய்தியும் போகும். குழுவைச் சிறிதாகவே வையுங்கள்.